கிழவர்களுக்குக் கடுக்காய் கொடுத்த கதை

கல்வராயன் மலைன்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வர்ற சரக்கு ரெண்டு. ஒண்ணு கடுக்காய், இன்னொண்ணு கள்ளச்சாராயம். மேகம் அருவி, பெரியார் அருவி எல்லாம் அப்புறம்தான். யோசிச்சுப் பார்த்தா ரெண்டுமே ஆம்பளைங்களைக் குறிவச்சு விக்கிற சரக்கு. கடுக்காய், போன வாலிபத்தைத் திருப்பித் தரும்னு சொல்லி. சாராயம், குடிக்கிறவன்தான் ஆம்பளைன்னு சொல்லி. இந்த ரெண்டு பேச்சுக்கும் நடுவுல டெஸ்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன் மாட்டிக்கிட்டு முழிக்குது. இந்தப் பதிவு அதோட வரலாறு. கொஞ்சம் நீளம். டீ குடிச்சுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல கடுக்காய். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கிட்டே வெள்ளிமலைக்கு ஏறினா வர்ற காடுகள்ல கடுக்காய் மரம் உண்டு. மலையாளி பழங்குடி மக்கள் (கேரளா இல்லீங்க, மலையை ஆள்பவர்கள்ங்கிற அர்த்தத்துல மலையாளி) பொறுக்கிக் காயவச்சு கீழே அனுப்புற காய். இதை ரொம்ப காலமா அதிகம் வாங்கினது வைத்தியர்கள் கிடையாது, தோல் பதனிடறவங்க. வெள்ளைக்காரன் காலத்துல மதராஸ் தோல் இங்கிலாந்துக்குப் போனப்ப, ஆவாரம்பட்டையில் ஊறின தோலுக்குக் கடைசி மெருகு கொடுத்தது கடுக்காய்தான். காரணம் அதுல இருக்கிற துவர்ப்பு. தோலைச் சுருங்கவிடாம, அழுகவிடாம வச்சிருக்கும்.

மாட்டுத்தோல் அழுகாம இருக்குன்னா மனுசத்தோல் மட்டும் ஏன் சுருங்கணும்னு நம்ம ஆளுங்க யோசிச்சாங்களோ என்னவோ, காயகல்பச் சரக்குகள்ல கடுக்காய்க்குப் பெரிய இடம். காலையில இஞ்சி, மதியம் சுக்கு, ராத்திரி கடுக்காய்னு ஒரு மண்டலம் சாப்பிட்டா கிழவரும் வாலிபனாகிடுவார் என்ற பேச்சை நீங்களும் உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டிருப்பீங்க. அதே தமிழ்லதான் ஒருத்தரை ஏமாத்தி நழுவுறதுக்கு 'கடுக்காய் கொடுத்துட்டான்'னும் சொல்றோம். இது எனக்கு எப்பவுமே சிரிப்பா இருக்கும். ரெண்டும் ஒரே காய்!

சரி, ஹார்மோனுக்கு வருவோம்.

ஆண்மை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க எந்த விஞ்ஞானியும் தேவைப்படல. ஏர் ஓட்டின எல்லாருக்கும் தெரியும். காளைக்கன்னுக்குக் காயடிச்சா திமிலும் முரட்டுத்தனமும் குறைஞ்சு வண்டிக்குப் பழகும். ஆனா எந்த வழியா அந்தக் காய் உடம்பு முழுக்க வேலை செய்யுதுங்கிறதுதான் புதிர். 1849-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன்ல அர்னால்டு பெர்தோல்டுன்னு ஒரு பேராசிரியர் 6 சேவல் குஞ்சுகளை எடுத்துக்கிட்டார். காயடிச்ச சேவல்களுக்குக் கொண்டை சிறுத்துப் போச்சு, கூவல, சண்டை போடல. சிலதுக்கு விரையை எடுத்து வயித்துக்குள்ள வேற இடத்துல வச்சுத் தைச்சார். அதுங்க ஜம்முனு கொண்டை வளர்த்து, கூவி, பெட்டைக்கோழியைத் துரத்துச்சு. பழைய நரம்புத் தொடர்பு எல்லாம் அறுந்த பிறகும் இப்படின்னா, ஏதோ ஒண்ணு ரத்தத்துல கலந்து போகுதுன்னு அர்த்தம். ஹார்மோன் என்ற வார்த்தையே 1905-லதான் வந்துச்சு. பெர்தோல்டு அதுக்கு 56 வருசம் முன்னாடி அந்த வார்த்தையே இல்லாம இதைச் சொல்லிட்டார். வழக்கம் போல யாரும் கண்டுக்கல.

கண்டுக்க வச்சவர் இன்னொருத்தர். சார்லஸ் பிரவுன்-செகார். 1817-ல் மொரீஷியஸ்ல போர்ட் லூயி நகரத்துல பிறந்தவர். நம்ம ஆளுங்க கரும்புக்காட்டுக்குக் கப்பலேறிப் போன அதே மொரீஷியஸ். நரம்பியல்ல பெரிய தலை, முதுகுத்தண்டு சம்பந்தமான ஒரு நோய்க்குறிக்கு இன்னைக்கும் இவர் பேருதான். அப்படிப்பட்டவர் 1889 ஜூன் 1-ம் தேதி பாரீஸ்ல ஒரு விஞ்ஞானக் கழகத்துல எழுந்து நின்னு, நாய், கினிப்பன்றி விரைகளை நசுக்கித் தண்ணியில கரைச்சு வடிகட்டி எனக்கு நானே ஊசி போட்டுக்கிட்டேன்னார். அப்ப வயசு 72. படிக்கட்டு ஓடி ஏற முடியுது, ஆய்வகத்துல நெடுநேரம் நிக்க முடியுது, கை பலம் கூடியிருக்கு, ஒண்ணுக்குப் போனா முன்னைவிட தூரமா விழுது (அளந்தே பார்த்திருக்கார் மனுசன்!), மலச்சிக்கல் தீர்ந்துடுச்சு... பட்டியல் நீண்டுக்கிட்டே போச்சு.

உலகமே அல்லோலகல்லோலம். கொஞ்ச நாள்ல ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் விரைச்சாறு ஊசி ஆயிரக்கணக்கான பேருக்கு ஏறிடுச்சு. பிரவுன்-செகார் 1894-ல் காலமாகிட்டார்.

இதுல முக்கியமான சங்கதி என்னன்னா, டெஸ்டோஸ்டிரோன் தண்ணியில சரியா கரையாது. அது கொழுப்புல கரையற வஸ்து. போதாக்குறைக்கு விரை அதைச் சேமிச்சும் வைக்கிறதில்ல, உண்டாக உண்டாக ரத்தத்துல விட்டுடும். 2002-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அவர் எழுதிவச்ச செய்முறைப்படியே சாறு தயாரிச்சு அளந்து பார்த்தாங்க. உடம்புல எந்த வேலையும் செய்ய முடியாத அளவுக்குத் துளியூண்டுதான் இருந்துச்சு. ஆக, அந்தப் பெரியவர் படிக்கட்டு ஓடி ஏறினது நம்பிக்கையின் பலத்துல. பொய் சொல்லல, நிஜமாவே அப்படி உணர்ந்தார். எனக்கு இந்த வரலாற்றுலேயே பெரிய பாடம் இதுதான்னு தோணுது. கெட்டிக்கார நரம்பியல் நிபுணருக்கே தன் உடம்பு கடுக்காய் கொடுக்குது, நாமெல்லாம் எம்மாத்திரம்? (மலச்சிக்கல் விஷயத்துல மட்டும் நம்ம கடுக்காய் அவர் ஊசியைவிட உசத்தி. அந்த வேலையை அது உண்மையாவே செய்யும் :-))

அப்புறம் வந்தது குரங்குக் காலம். 1920-கள்ல செர்ஜ் வோரோனாஃப் பாரீஸ்ல குரங்கு விரைத் துண்டுகளைப் பணக்காரக் கிழவர்களுக்கு ஒட்டவச்சார். வியன்னாவுல யூஜன் ஸ்டைனாக், விந்துக்குழாயைக் கட்டினாலே இளமை திரும்பும்னார். ஃப்ராய்டு 1923-லயும் கவிஞர் யேட்ஸ் 1934-லயும் அந்த ஆபரேஷனைப் பண்ணிக்கிட்டாங்க. நம்ம ஊர்ல குடும்பக்கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் பிடிக்கப் பட்ட பாட்டை நினைச்சுக்கோங்க. அதே குழாய்தான். அங்க அது வாலிபம் திரும்ப, இங்க அது 'ஆண்மை போயிடும்'ங்கிற பயம்!

உண்மையான சரக்கு கிடைச்சது இன்னொரு பக்கம், சத்தமில்லாம. 1927-ல் சிகாகோவுல கோக், மெக்கீ ரெண்டு பேரும் 40 பவுண்டு காளை விரையிலிருந்து 20 மில்லிகிராம் சாரம் எடுத்தாங்க. 1931-ல் பூட்டனான்ட், 15,000 லிட்டர் போலீஸ்காரங்க மூத்திரத்தைக் காய்ச்சி 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோன் எடுத்தார். 1935-ல் ஆம்ஸ்டர்டாம்ல லாக்கூர் குழு 100 கிலோ காளை விரையிலிருந்து 10 மில்லிகிராம் எடுத்து டெஸ்டோஸ்டிரோன்னு பேர் வச்சது. ஒரு சாதாரண ஆம்பளை உடம்பு ஒரு நாளைக்குத் தானாகவே 5, 6 மில்லிகிராம் உண்டாக்குது. அதாவது 100 கிலோ சாமான் ரெண்டு நாளைக்குத்தான் தாங்கும். அதே 1935-லயே பூட்டனான்டும் ரூசிக்காவும் தனித்தனியா கொலஸ்ட்ராலிலிருந்து இதைச் செயற்கையாவே செஞ்சுட்டாங்க. 1939-ல் வேதியியல் நோபல். ஹிட்லர் அரசு பூட்டனான்டை வாங்கவிடல.

ஐரோப்பாவுல மருந்து ஆலையில டெஸ்டோஸ்டிரோன் தயாராகிக்கிட்டிருந்த அதே நேரத்துல, 1938-ல், இங்க பெரிய பரபரப்பு என்ன தெரியுமா? காசி இந்து பல்கலைக்கழகத்தை நிறுவின மதன் மோகன் மாளவியா, 76 வயசுல, தபசி பாபா என்ற சாமியார்கிட்ட காயகல்ப சிகிச்சை எடுத்துக்கிட்டார். வெளிச்சம் புகாத குடிலுக்குள்ள ஒரு மாசத்துக்கு மேல. பத்திரிகைகள் எல்லாம் அதே பேச்சு. வெளியே வந்தவர் தெளிவா, தெம்பா இருக்கார்னு சொன்னாங்க. எண்பது வயசை நெருங்கற ஒருத்தருக்கு வேலை, கூட்டம், பேச்சு எல்லாத்தையும் நிறுத்தி, ஒரு மாசத்துக்கு மேல ஓய்வும் பத்தியச் சாப்பாடும் கொடுத்தா தெம்பா இருக்க மாட்டாரா என்பது என் கட்சி. 1946-ல், 84 வயசுல காலமானார். நல்ல ஆயுசுதான். ஆனா வாலிபம் திரும்பின ஆயுசு இல்ல.

சுதந்திரத்துக்கப்புறம் அரசாங்கத்துக்கே இது பெரிய தலைவலி ஆயிடுச்சு. 1954-ல் மருந்துகள், மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. ஆண்மைச் சக்தியைக் காப்பாத்தித் தரோம், கூட்டித் தரோம்னு எந்த மருந்துக்கும் விளம்பரம் பண்ணக் கூடாது. ஹம்தர்த் கம்பெனி இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போச்சு. 1959 டிசம்பர்ல வந்த தீர்ப்பு சில பகுதிகளை மட்டும் வெட்டிட்டு அடிப்படைத் தடையை நிலைநிறுத்தினது. இன்னொரு பக்கம், மருந்து விதிகளோட 'ஜே' அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. எந்தெந்த வியாதியைக் குணமாக்குறதா மருந்து உரிமை கொண்டாடக் கூடாதுங்கிற பட்டியல். அதுல 'இளமையை மீட்கும் சக்தி'யும் உண்டு. சட்டம் இவ்வளவு தெளிவா இருக்கு. நீங்க எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவத்தையும் போய்ப் பாருங்க. மாசத்துல எந்தத் தேதி எந்த லாட்ஜுல வைத்தியர் தங்கறார்னு பாக்காமலே சொல்லலாம்.

அந்த நோட்டீசுங்க சம்பாதிச்சது பெரும்பாலும் வியாதியஸ்தர்கள்கிட்ட இல்ல, பயந்துபோன பையன்கள்கிட்ட. நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்துன்னு கேட்டு வளர்ந்த தலைமுறை நாம. விந்து போனா பலம் போச்சுன்னு நம்பி உடம்பு நிஜமாவே சோர்ந்து போறதுக்கு 'தாத்' நோய்க்குறின்னு 1960-ல் பேர் வச்சவர் மனநல மருத்துவர் என்.என். விக். பிரவுன்-செகார் கதையைத் தலைகீழா போட்டா இதுதான். அவர் நம்பிக்கையில எழுந்து நடந்தார், இவங்க பயத்துல படுத்துட்டாங்க.

இப்ப அதே வியாபாரம் கோட்டு போட்டுக்கிட்டு வருது. லேகியத்துக்குப் பதிலா ஜெல், ஊசி. 'நாப்பது தாண்டினா ஹார்மோன் குறையும், அதான் சோர்வு'ங்கிறது புது நோட்டீசு. எங்க சித்தப்பாவுக்கு 58 வயசு. ஒரு கிளினிக்ல சாயங்காலம் ஆறு மணிக்கு ரத்தம் எடுத்து, அளவு கம்மின்னு சொல்லி, மாசம் ஒரு ஊசின்னு திட்டம் போட்டுட்டாங்க.

"டேய், எனக்கு அது கொறஞ்சு போச்சாண்டா"ன்னார் போன்ல, குரலைத் தாழ்த்தி. சித்தி பக்கத்துல இருந்திருப்பாங்க போல.

"சித்தப்பா, இது காலையிலதான் அதிகமா இருக்கும். வெறும் வயித்துல, பத்து மணிக்கு முன்னாடி, ரெண்டு தடவை பாக்கணும். ஊசியை அப்புறம் பாத்துக்கலாம்"னேன்.

வேற இடத்துல காலையில ரெண்டு தடவை பார்த்தாரு. ரெண்டுமே சராசரிக்குள்ளதான். கூடவே பார்த்த சர்க்கரைதான் எகிறியிருந்தது. சோர்வுக்குக் காரணம் அங்க இருந்துச்சு. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வுப்படி தமிழ்நாட்டுல நூத்துக்கு 14.4 பேருக்கு சர்க்கரை நோய். சர்க்கரையும் தொப்பையும் டெஸ்டோஸ்டிரோனைக் கீழே இழுக்கும். எடை குறைஞ்சா அது மெல்ல ஏறும். சித்தப்பா இப்ப ஊசிக் காசுல நல்ல செருப்பு வாங்கி நடக்கறார்.

ஆராய்ச்சிகளும் இதையேதான் சொல்லுது. ஐரோப்பாவுல 40 முதல் 79 வயசு வரை 3,369 ஆண்களைப் பார்த்த ஆய்வு 2010-ல் வந்தது. அறிகுறியும் அளவும் ரெண்டும் சேர்ந்து 'வயசானதால ஹார்மோன் குறைபாடு'ன்னு சொல்லக்கூடியவங்க 2.1 சதவீதம்தான். ஆஸ்திரேலியாவுல, நல்ல ஆரோக்கியமா இருக்கிறோம்னு சொன்ன 40 வயசுக்கு மேற்பட்ட 325 ஆண்களைப் பல தடவை அளந்தப்ப, வயசு கூடக்கூட அளவு குறையவே இல்ல. அப்ப பெரும்பாலும் வயசு ஹார்மோனைத் தின்னுறது இல்ல, வயசோட வர்ற நோய் தின்னுது. நிஜமாவே விரையோ பிட்யூட்டரியோ பழுதானவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அருமையான மருந்து, அதுல சந்தேகமே வேணாம். மத்தவங்களுக்கு? அமெரிக்காவுல 65 வயசு தாண்டின, அளவு குறைஞ்ச 790 பேருக்கு ஒரு வருசம் கொடுத்துப் பார்த்தாங்க (2016). தாம்பத்தியத்துல சுமாரான முன்னேற்றம், சோர்வுல சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்ல. 2023-ல் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவங்களை வச்சு நடந்த சோதனையில மாரடைப்பு கூடல, அது நல்ல செய்தி. ஆனா இதயத்துடிப்புக் கோளாறும் நுரையீரல்ல ரத்தக்கட்டியும் கொஞ்சம் கூடுதல். எலும்பு முறிவும் குறையல, கூடித்தான் இருந்தது.

ஜிம்முக்குப் போற தம்பிகளுக்கு ஒண்ணு. 1990-ல் உலக சுகாதார நிறுவனம் வாராவாரம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு ஒரு சோதனை நடத்தினது. எதுக்குன்னு நினைக்கிறீங்க? ஆண்களுக்கான கருத்தடை முறையா! வெளியிலிருந்து ஊசி வந்தா பிட்யூட்டரி வேலையை நிறுத்திடும், விந்தணு உற்பத்தி படுத்துடும். ஆண்மைக்குன்னு போட்டுக்கிற ஊசி பிள்ளை பிறக்காம தடுக்கும். கடுக்காய்னா இதான் கடுக்காய்.

இப்ப மலைக்குத் திரும்புவோம். மானுடவியலாளர் பீட்டர் எல்லிசன் குழு 2002-ல் ஒரு ஒப்பீடு வெளியிட்டது. பாஸ்டன் நகரத்து ஆண்கள், காங்கோ காட்டுவாசிகள், பராகுவேயின் ஆச்சே மக்கள், நேபாள மலைவாசிகள். வாலிப வயசுல பாஸ்டன்காரங்களுக்குத்தான் டெஸ்டோஸ்டிரோன் எக்கச்சக்கம். ஆனா அவங்களுக்குத்தான் சரிவும் செங்குத்து. 45 வயசுக்கு மேல எல்லா ஊர்க்காரங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அரைவயித்துச் சாப்பாடும் கடும் உழைப்பும் இருக்கிற இடத்துல உடம்பு அந்த ஹார்மோனைச் சிக்கனமாச் செலவு பண்ணுது. அளவு கூடினா நல்லது, குறைஞ்சா கெட்டதுங்கிற நோட்டீசுக் கணக்கு இங்க செல்லாது.

நேபாள மலைன்னு படிச்சதும் எனக்கு வெள்ளிமலைதான் கண்ணுல வந்தது. கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர்னு மூணு ஜாகீர்தார்கள் கையில இருந்தது. நாடு 1947-ல் சுதந்திரம் அடைஞ்சது, இந்த மலை 1976-ல். நெருக்கடி நிலை சமயத்துலதான் அரசாங்கம் ஜாகீரை எடுத்துக்கிட்டது. அதுவரை ஜாகீர்தார் நிலத்துல கூலியில்லாம உழைக்கிறது வழக்கம். இன்னைக்கு அங்க அறுபத்தஞ்சு வயசுல ஒரு பெரியவர் இருந்தா, அவர் பள்ளிக்கூட வயசுல இருந்தப்ப அவங்கப்பா யாருக்கோ சும்மா ஏர் ஓட்டியிருப்பார். அப்படிப்பட்டவரோட முதுமைக்கு எந்த ஊசி எழுதித் தர்றது? கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதே 2019 நவம்பர்ல. அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில.

அந்த மலை ஓடைங்க ஓரத்துலதான் காலங்காலமா ஊறல் போடறது, போலீஸ் வந்து உடைக்கிறது, மறுபடி போடறது. குடிச்சா ஆம்பளைங்கிற பேச்சுக்கு உடம்பு சொல்ற பதில் நேர்மாறு. சாராயம் டெஸ்டோஸ்டிரோன் உண்டாக்குற செல்களையே நேரடியா அடிக்குது. கல்லீரல் சுருங்கினா ஆண் ஹார்மோன் குறைஞ்சு பெண் ஹார்மோன் தூக்கலாகி, விரை சிறுத்து, மார்பு பெருத்துடும். நாப்பது வயசுல வயிறு உப்பி, கை கால் சூம்பிப் போன மொடாக்குடியரைப் பார்த்திருப்பீங்க. பெர்தோல்டோட கொண்டை சிறுத்த சேவல் அதுதான். கத்தி வைக்காமலே காயடிப்பு. நேரத்தோட நிறுத்தினா ஓரளவு மீளவும் செய்யும் என்பதையும் சொல்லிடறேன்.

நேரம் கிடைக்காதவங்களும் உண்டு. 2024 ஜூன் மாசம் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே, கருணாபுரத்துல, மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேல செத்தாங்க. அதுல பெண்களும் உண்டு, பெரும்பாலானவங்க கூலி வேலைக்குப் போன ஆம்பளைங்க. மெத்தனால் உடம்புக்குள்ள ஃபார்மிக் அமிலமா மாறி முதல்ல கண்ணை எடுக்கும், அப்புறம் உயிரை. அதுக்கடுத்த மாசம் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களோட நிலைமையைத் தானாகவே வழக்கா எடுத்துக்கிட்டது. ரோடு, பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்ன இருக்குன்னு அரசாங்கத்தைக் கேட்டது.

வாலிபம் திரும்பணும்னு குரங்கு விரையை ஒட்டிக்கிட்டவங்கள்ல பலர் அறுபதைத் தாண்டின பணக்காரங்க. கருணாபுரத்துல செத்தவங்கள்ல நிறைய பேர் அந்த வயசையே பார்க்கல.